ஆறு மாதம் தேவதைக் கதை படித்தும் ஆங்கிலம் ஏன் வாயில் வரவில்லை?

பதிவு 1 – கூடல்நகரான்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் என்பதால், ஆங்கிலக் கடிதம் வந்தால் இரண்டு முறை படித்துப் பொருள் கண்டுவிடுவேன். பதில் எழுத உட்கார்ந்தால்தான் பேனா நகராது. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் நிலையும் ஏறத்தாழ அதுவே. சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ளலாம் என்று இருவரும் பழைய தேவதைக் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினோம். ஆறு மாதமாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், நாளுக்கு ஒரு கதை என்ற கணக்கில் படித்து வருகிறோம். தெரியாத சொல் ஒவ்வொன்றையும் பொருளோடு ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். நேற்று எண்ணிப் பார்த்தேன். 412 சொற்கள் சேர்ந்திருக்கின்றன.

அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்குக் கவலை பிறந்தது. 'ஸ்பிண்டில்', 'காப்லர்', 'லாட்ச்', 'ஓகர்', 'காப்ளின்' என்று வரிசையாக இருக்கின்றன. என் அலுவலகத்துக்கு அரக்கனைப் பற்றியோ செருப்புத் தைப்பவரைப் பற்றியோ எவரும் கடிதம் எழுதப் போவதில்லை. போதாக்குறைக்கு, தெரிந்த சொற்களும் காலை வாரிவிடுகின்றன. சிண்ட்ரெல்லா கதையில் இளவரசர் ஒரு 'பால்' கொடுத்தார் என்று வந்ததும், பந்து கொடுப்பதற்கு ஊர்ப் பெண்கள் அனைவரையும் ஏன் அழைத்தார் என்று மகள் கேட்டாள். அது நடன விருந்து என்பதை நானும் அகராதியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். 'ஸ்லிப்பர்' என்றதும் எங்கள் இருவர் மனத்திலும் குளியலறை வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்புதான் வந்தது. பூசணிக்காய் 'கோச்' ஆனது என்பதை அவள் இரயில் பெட்டியாகவே கற்பனை செய்துகொண்டாள்.

இந்த முயற்சியைத் தொடர்வதா, இதைக் கட்டிவைத்துவிட்டு நேரடியாக அலுவலக ஆங்கிலம் படிப்பதா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதிவு 2 – அகராதிப்புழு

தொடர வேண்டாம் என்பது என் கருத்து. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1920-களில் டாக்காவில் ஆசிரியப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது, வங்காள மாணவர்கள் அரிய சொற்களில் சிக்கி வாசிப்பையே கைவிடுவதைக் கண்டார். மிகுதியாகப் புழங்கும் சொற்களை முதலில் கற்பித்து, அவற்றைக் கொண்டே எழுதப்பட்ட பாடநூல்களை அவர் உருவாக்கினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. அந்த இரண்டாயிரத்தை உறுதியாகக் கற்றவருக்கு அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி வசப்படும். நீங்கள் ஆறு மாதத்தில் 412 சொற்களைச் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றில் எத்தனை அந்தப் பட்டியலுக்குள் வரும் என்று ஒருமுறை பாருங்கள்.

தமிழ் கற்க விரும்பும் ஒரு வெளிநாட்டவர், வேதாளம் சொன்ன கதைகளின் பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'மந்திரி', 'உப்பரிகை', 'அந்தப்புரம்' என்று மனப்பாடம் செய்துவிட்டு, கோயம்பேட்டில் பேருந்து விசாரிக்கப் போனால் என்ன ஆகுமோ அதுதான் உங்களுக்கும் ஆகியிருக்கிறது.

பதிவு 3 – கரும்பலகை

அகராதிப்புழு அவர்கள் கூறும் பட்டியலின் பயனை நான் மறுக்கவில்லை. முப்பத்தோராண்டு ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான், அந்தப் பட்டியலை வகுப்பில் பயன்படுத்தியும் இருக்கிறேன். ஆனால் கூடல்நகரான் அவர்களின் சிக்கல் கதைகளில் இல்லை, நோட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாத சொல்லை மட்டும் எழுதிவைப்பது என்ற விதியை வைத்துக்கொண்டதால், ஒவ்வொரு கதையிலும் மிக அரிதான பெயர்ச்சொற்கள் நோட்டுக்குள் போயின. தெரிந்த சொற்கள் ஒன்றுசேர்ந்து செய்யும் வேலை நோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது. ஆங்கிலம் எழுத உட்காரும்போது பேனா நகராததற்குக் காரணம் அந்த இரண்டாவது வகைதான்.

மூன்று கரடிகளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1837-இல் அச்சில் கொண்டுவந்தவர் இராபர்ட் சௌதி என்ற ஆங்கிலக் கவிஞர். அவருடைய கதையில் கரடி வீட்டுக்குள் புகுபவள் ஒரு கிழவி. 1849-இல் வந்த வேறொரு பதிப்பில்தான் அவள் சிறுமியானாள், கோல்டிலாக்ஸ் என்ற பெயர் அதற்கும் பிறகு ஒட்டிக்கொண்டது. அந்தக் கதையில் உங்கள் மகளுக்குத் தெரியாத சொல் 'பாரிட்ஜ்' ஒன்றுதான் இருந்திருக்கும்; நோட்டிலும் அது ஒன்றுதான் ஏறியிருக்கும். ஆனால் முதல் கிண்ணம் 'டூ ஹாட்', இரண்டாவது 'டூ கோல்ட்', மூன்றாவது 'ஜஸ்ட் ரைட்' என்று வருகிறதே, அந்த மூன்று தொடர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? நம்மவர்கள் 'வெரி' வர வேண்டிய இடத்தில் 'டூ' போட்டு, 'ஐ ஆம் டூ ஹாப்பி' என்று எழுதுவதை என் பணிக்காலம் முழுவதும் திருத்தியிருக்கிறேன். 'வெரி ஹாட்' என்றால் மிகவும் சூடு. 'டூ ஹாட்' என்றால் வாயில் வைக்க முடியாத சூடு, வேண்டிய அளவைத் தாண்டிய சூடு. இந்த வேறுபாட்டை இலக்கண நூல் அரைப் பக்கத்தில் விளக்கினாலும் மனத்தில் தங்காது. நாக்கு சுட்டவளின் கதையில் ஒருமுறை கேட்டால் தங்கிவிடும்.

அதே கதையில் கரடிகள் திரும்பி வந்ததும், 'சம்படி ஹாஸ் பீன் சிட்டிங் இன் மை சேர்' என்று ஒவ்வொன்றாக உறுமுகின்றன. தமிழில் 'யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று சொன்னால், இப்போதும் உட்கார்ந்திருக்கிறார்களா, உட்கார்ந்துவிட்டுப் போய்விட்டார்களா என்பது இடத்தைப் பொறுத்துத்தான் விளங்கும். ஆங்கிலத்தின் 'ஹாஸ் பீன் சிட்டிங்' என்ற அமைப்பு, செயல் சற்று முன்புவரை நடந்தது, அதன் தடம் இன்னும் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. நாற்காலியில் ஆள் இல்லை, ஆனால் இருக்கை அமுங்கிக் கிடக்கிறது. இந்த வினை வடிவத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. கஞ்சிக்கு ஒருமுறை, நாற்காலிக்கு ஒருமுறை, படுக்கைக்கு ஒருமுறை என்று கதை அதே அமைப்பைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வதால், பயிற்சிக் கேள்விகள் தனியாகத் தேவைப்படுவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ஏ' எப்போது, 'த' எப்போது என்பதுதான் தமிழ் மாணவர்களின் தீராத தலைவலி. ஆனால் நம் பாட்டிமார் கதை சொல்லும்போது இதே வேறுபாட்டைப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு' என்றுதான் கதை தொடங்கும். முதலில் வரும்போது 'ஒரு', மறுமுறை வரும்போது 'அந்த'. யாரும் 'ஒரு ராஜா இருந்தான், ஒரு ராஜாவுக்கு மூணு பொண்ணு' என்று சொல்வதில்லை. சொன்னால் அது இரண்டாவது ராஜா. தேவதைக் கதைகளின் முதல் பத்தியில் 'ஏ மில்லர்' என்று அறிமுகமாகும் மாவரைப்பவர் அடுத்த வரியில் 'த மில்லர்' ஆவதும் இதே கணக்கில்தான். 'த சன்' போன்ற இடங்களில் இந்த ஒப்புமை செல்லாது, சூரியனுக்கு நாம் 'அந்த' போடுவதில்லை. என்றாலும் பத்தில் ஆறு ஏழு இடங்களில் இது கைகொடுக்கும். கதை வடிவத்தைத் தவிர வேறு எதிலும் இதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்ட முடியாது.

பதிவு 4 – ராஜபாளையத்துக்காரன்

'ஸ்பிண்டில்' என்ற சொல் பயனற்றது என்று முதல் பதிவில் படித்ததும் சிரித்துவிட்டேன். நான் இருபது ஆண்டுக்கு மேல் நூற்பாலையில் வேலை பார்த்தவன். எங்கள் ஊரிலும் கோவையிலும் ஒரு மில் பெரியதா சிறியதா என்பதை ஸ்பிண்டில் எண்ணிக்கையை வைத்துத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி படிக்கத் தெரியாத தொழிலாளியும் 'ஸ்பிண்டில்', 'பாபின்' என்ற இரு சொற்களை நாள்தோறும் பேசுகிறார். தமிழில் அதற்குக் கதிர் என்ற பெயர் உண்டு. காந்தியடிகள் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் சுழற்றிய தக்கிளியும் ஒரு ஸ்பிண்டில்தான்.

உறங்கும் இளவரசி கதையில் அவள் விரலைக் குத்துவது இந்தக் கதிர்முனைதான். படப் புத்தகங்களில் இராட்டையின் சக்கரம் பெரிதாக இருப்பதால், சக்கரத்தில் ஏதோ முள் இருப்பதாகவே பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு தக்கிளியைக் கையில் கொடுத்துவிட்டால் அந்தக் கதைக்கு அகராதியே வேண்டாம். இந்தத் தொழிலிலிருந்து ஆங்கிலத்துக்குள் போன சொற்களும் பல. 'ஸ்பின்ஸ்டர்' என்றால் முதலில் நூல் நூற்பவள் என்றே பொருள். பிற்காலத்தில்தான் அது மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சொல்லானது. பஞ்சைச் சுற்றிவைக்கும் கோலுக்கு 'டிஸ்டாஃப்' என்று பெயர். குடும்பத்தில் தாய்வழியைக் குறிக்க 'டிஸ்டாஃப் சைட்' என்று எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. வைக்கோலைப் பொன்னாக நூற்றுத்தரும் குள்ளனின் கதையைப் படித்தவருக்கு 'ஸ்பின்' என்பதன் இறந்தகாலம் 'ஸ்பன்' என்பது மறக்கவே மறக்காது.

பாபின் கதை இன்னும் வேடிக்கையானது. சிவப்புத் தொப்பிச் சிறுமி பாட்டி வீட்டுக் கதவைத் தட்டும்போது, பாபினை இழுத்தால் லாட்ச் மேலே போகும் என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. இதை என் மகன் படித்துவிட்டு, கதவில் எதற்கு அப்பா நூல்கண்டு என்று கேட்டான். அந்தக் காலத்துக் கதவில், உள்பக்கத் தாழ்ப்பாளோடு கட்டிய கயிறு ஒரு துளை வழியாக வெளியே தொங்கும். அதன் முனையில் பிடித்து இழுக்க ஒரு சிறு மரத்துண்டு இருக்கும். அந்த மரத்துண்டைத்தான் கதையில் பாபின் என்று எழுதியிருக்கிறார்கள். ஆலைப் பாபினும் ஆதியில் மரத்துண்டுதானே என்று நான் சொன்ன பிறகு அவன் சமாதானமானான்.

பதிவு 5 – பழைய புத்தகக்காரி

கூடல்நகரான் அவர்கள் எந்தப் பதிப்பைப் படிக்கிறார் என்பதை யாரும் கேட்கவில்லையே. அதில்தான் பாதிக் காரணம் இருக்கக்கூடும். கிரிம் சகோதரர்கள் 1812-இல் முதல் தொகுதியை வெளியிட்டது ஜெர்மன் மொழியில். பெரோ 1697-இல் எழுதியது பிரெஞ்சில். ஆண்டர்சன் 1835 முதல் எழுதியவை டேனிஷ் மொழியில். ஆகவே, நாம் ஆங்கிலத் தேவதைக் கதை என்று படிப்பவற்றில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்புகள். எந்த ஆண்டில் யார் மொழிபெயர்த்தார் என்பதைப் பொறுத்து அதே கதை எளிதாகவும் இருக்கும், கடினமாகவும் இருக்கும். மார்கரெட் ஹண்ட் 1884-இல் செய்த கிரிம் மொழிபெயர்ப்பும், ஆண்ட்ரூ லாங் 1889-இல் தொகுத்த 'ப்ளூ ஃபேரி புக்' என்ற நீலநிறத் தொகுப்பும் காப்புரிமை தீர்ந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; இலவசம் என்பதாலேயே நம்மவர் பலரும் அவற்றில் தொடங்கி, 'தௌ', 'தீ', 'தை' என்ற பழைய முன்னிலைச் சொற்களில் முட்டிக்கொள்கிறார்கள். அவற்றை நோட்டில் எழுதவே வேண்டாம். முறையே 'நீ', 'உன்னை', 'உன்' என்று பொருள் கொண்டு தாண்டிச் செல்லுங்கள்.

தொடக்கத்துக்கு ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் தொகுத்த ஆங்கிலக் கதைகளை நான் பரிந்துரைப்பேன். அவை பெரும்பாலும் இங்கிலாந்திலேயே வழங்கியவை. வாய்விட்டுச் சொல்வதற்கு ஏற்ற நடையில் எழுதப்பட்டவை. ஓநாய் பன்றிக்குட்டியின் வாசலில் நின்று 'ஐ வில் ஹஃப் அண்ட் ஐ வில் பஃப்' என்று மிரட்டும் வரி இப்போதும் எல்லாப் பதிப்புகளிலும் மாறாமல் வருகிறது. ஆனால் அதிலும் கவனம் தேவை. ஜேக்கப்ஸின் கதையில் இரண்டாவது பன்றிக்குட்டி வீடு கட்டுவது 'ஃபர்ஸ்' என்ற முட்புதரைக் கொண்டு. இன்றைய பதிப்புகளில் அது சுள்ளியாகிவிட்டது. விலங்கின் மென்மயிரைக் குறிக்கும் 'ஃபர்' என்று நினைத்துக்கொண்டு ஒரு வாசகர் என்னிடம் நெடுநேரம் வாதாடியிருக்கிறார். முதல் பன்றிக்குட்டியின் 'ஸ்ட்ரா' வீட்டைப் பற்றியும் எச்சரிக்கிறேன்: குளிர்பானக் கடை உறிஞ்சுகுழலைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். அது வைக்கோல். வைக்கோல் தாளின் வழியாக உறிஞ்சிக் குடித்ததால்தான் உறிஞ்சுகுழலுக்கே அந்தப் பெயர் வந்தது.

பதிப்பைத் தேர்ந்தெடுக்க எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன், பிறர் துணையின்றி வாசிப்பதற்கு ஒரு பனுவலில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். ஒரு பக்கத்தில் நூறு சொல்லை எண்ணுங்கள். தெரியாதவை நான்கைந்தைத் தாண்டினால் அந்தப் பதிப்பை இரண்டாண்டு கழித்து எடுத்துக்கொள்ளலாம். தகப்பனும் மகளும் சேர்ந்து படிப்பதால் இரண்டு என்பதைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறேன்.

தொடர்பில்லாததுபோல் தோன்றினாலும் ஒரு செய்தி: மாற்றாந்தாய் என்ற பொருளில் 'ஸ்டெப்மதர்' உங்கள் நோட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். கிரிம் கதைகளின் முதல் பதிப்பில், வெண்பனிச் சிறுமியைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாயே. அடுத்தடுத்த பதிப்புகளில்தான் அவளை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். மாற்றாந்தாய்மார் இருநூறாண்டாக வாங்கும் கெட்ட பெயரில் ஒரு பகுதி அந்தச் சகோதரர்களின் பேனாவைச் சேரும்.

பதிவு 6 – அகராதிப்புழு

கரும்பலகை அம்மையாரின் விளக்கத்தில் 'ஹாஸ் பீன் சிட்டிங்' பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் கூறுவது இலக்கணத்தைப் பற்றி. இழையின் கேள்வி சொல்வளத்தைப் பற்றி. தக்கிளியைப் பற்றிய பதிவு படிக்கச் சுவையாக இருந்தது. மதுரையில் கணக்கு எழுதுபவருக்கு அது எப்படிப் பயன்படும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் நானே முன்வந்து சொல்லிவிடுகிறேன். ஆங்கில நாளிதழ் படிக்கும்போது இக்கதைகள் தெரியாமல் சில தொடர்கள் பிடிபடுவதில்லை. விண்மீனிலிருந்து மிகவும் நெருங்காமலும் மிகவும் விலகாமலும், நீர் திரவமாக இருக்கக்கூடிய தொலைவில் உள்ள பகுதியை வானியலாளர் 'கோல்டிலாக்ஸ் ஸோன்' என்கிறார்கள். பணவீக்கம் மிகாமலும் வளர்ச்சி குன்றாமலும் இருக்கும் பொருளாதாரத்துக்கும் அதே பெண்ணின் பெயர்தான். எவரும் எதிர்பார்க்காத சிறிய அணி இறுதிப் போட்டிவரை வந்தால் விளையாட்டுப் பக்கத்தில் 'சிண்ட்ரெல்லா ஸ்டோரி' என்று எழுதுவார்கள். ஆண்டர்சன் 1837-இல் எழுதிய ஆடையில்லாத பேரரசரோ தலையங்கங்களில் அடிக்கடி உலா வருகிறார். ஆனால் இவற்றை அறிய ஒவ்வொரு கதைக்கும் பத்து வரிச் சுருக்கம் போதுமே! ஆறு மாத இரவுகள் எதற்கு?

பதிவு 7 – யாழ்ப்பாணத்து வாசகி

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். நான் தனியார் வகுப்பொன்றில் சிறுவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்வளம் என்றால் புதிய சொற்களின் எண்ணிக்கை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல என்பது என் எண்ணம். ஏற்கெனவே நமக்குத் தெரிந்த பொருள்களுக்கிடையில் ஆங்கிலம் எங்கே கோடு போடுகிறது என்பதை அறிவதும் சொல்வளம்தான்.

சிண்ட்ரெல்லாவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சிண்டர்' என்பது எரிந்து அணைந்து, முழுதும் சாம்பலாகாமல் எஞ்சிய கரித்துண்டு. அது இன்னும் கனன்றுகொண்டிருந்தால் 'எம்பர்'. முழுவதும் உதிர்ந்து பொடியானால் 'ஆஷ்'. புகைபோக்கியிலும் சுவரிலும் கறுப்பாகப் படிவது 'சூட்'. மாணவர்களிடம் இந்த நான்கையும் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் மறுநாளே குழப்பிவிடுவார்கள். விறகடுப்பில் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் கரித்துண்டு, கங்கு, சாம்பல், புகைக்கரி என்று தமிழில் முதலில் கேட்டு, அடுப்படியில் உறங்கியவளின் முகத்தில் எது ஒட்டியிருக்கும், கையைச் சுடுவது எது, பாத்திரம் துலக்க எடுப்பது எது என்று விசாரித்தால், தாங்களாகவே சொற்களைப் பொருத்திவிடுகிறார்கள். எரிவாயு அடுப்பு மட்டுமே கண்ட பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அது எனக்குக் கிடைக்கும் மேலதிக வேலை.

கரடிகளின் 'பாரிட்ஜ்' பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கஞ்சி என்று மொழிபெயர்த்தால் போதும். ஓட்ஸில் காய்ச்சிய கெட்டியான கஞ்சி. அதைவிட நீர்த்ததற்கு 'க்ரூயல்' என்று பெயர். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியற்கூழுக்கு நான் 'ப்ராத்' என்று சொல்லிப் பார்த்துச் சரிவரவில்லை, ஏனெனில் 'ப்ராத்' என்பது இறைச்சியோ காய்கறியோ வேகவைத்து எடுத்த சாறு. ஆங்கிலத்தில் அரிசிக் கஞ்சிக்கு வழங்கும் 'காஞ்சி' என்ற சொல் நம் கஞ்சியிலிருந்தே போர்த்துக்கீசியர் வழியாகப் போனது என்று சொன்னால், பிள்ளைகள் கரடி வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்துவிடுகிறார்கள்.

பதிவு 8 – கரும்பலகை

பத்து வரிச் சுருக்கம் போதுமே என்று அகராதிப்புழு அவர்கள் கேட்டதற்குப் பதில்: சுருக்கத்தில் வினைச்சொற்கள் இருக்காது. 'சிறுவர்கள் காட்டில் வழி தவறினார்கள்' என்று சுருக்கம் சொல்லும். ஆனால் ஹான்சலும் கிரெட்டலும் வரும் கதையில் ஹான்சல் குனிகிறான், சட்டைப்பையைக் கூழாங்கற்களால் நிரப்புகிறான், ஓசைப்படாமல் திரும்பி வருகிறான், தங்கையின் காதில் கிசுகிசுக்கிறான், வழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நடக்கிறான். 'ஸ்டூப்', 'ஃபில்', 'க்ரீப்', 'விஸ்பர்', 'டிராப்' என்று அடுக்கடுக்காக வரும் இந்த வினைகளில் ஒன்றுகூடப் பழையதன்று, ஒன்றுகூடக் காட்டுக்கு மட்டும் உரியதன்று. அலுவலகத்தில் கோப்பை எடுக்கக் குனிவதும், படிவத்தை நிரப்புவதும், விலை இறங்குவதும் இவற்றில் அடங்கும். ரொட்டியால் கட்டிய வீட்டை அவர்கள் 'நிபிள்' செய்வதாக வருகிறது. எலி கொறிப்பதுபோல் சிறிது சிறிதாகக் கடிப்பது. இந்த ஒரு சொல்லை நான் கண்ணால் காட்டி விளக்க முயன்றால் வகுப்பே சிரிக்கும். கதையில் கிழவி உள்ளேயிருந்து, யார் என் வீட்டைக் கொறிப்பது என்று கேட்டதும் எவரும் சிரிப்பதில்லை.

கூடல்நகரான் அவர்களுக்கு என் யோசனை இதுதான். ஏழு இரவில் ஏழு கதை படிப்பதை நிறுத்திவிட்டு, ஏழு இரவும் ஒரே கதையைப் படியுங்கள். மூன்றாவது இரவில் நீங்கள் படித்துக்கொண்டே வந்து வினைச்சொல்லுக்கு முன் நிறுத்துங்கள், மகள் சொல்லட்டும். ஐந்தாவது இரவில் புத்தகத்தை மூடிவிட்டு அவள் கதையைச் சொல்ல நீங்கள் கேளுங்கள். தவறு வந்தால் இடைமறிக்காதீர்கள். நோட்டில் தனிச்சொல்லை எழுதாமல், அந்தச் சொல் இருக்கும் முழு வாக்கியத்தை எழுதுங்கள், ஒரு கதைக்கு ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நான்கு கதைகள் இவ்வாறு முடிந்த பிறகு, நம்முடைய பாட்டி வடை சுட்ட கதையை அவளே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கட்டும். அதற்குப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்க முடியாது. படித்த நான்கு கதைகளிலிருந்தும் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும்.

நீங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். மகளை மட்டும் சொல்லவிட்டு நீங்கள் நடுவராக உட்கார்ந்துவிட்டால் அது தேர்வாகிவிடும்.

பதிவு 9 – கூடல்நகரான்

ஐந்து வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். கரும்பலகை அம்மா கூறியபடியே நான்கு கதைகளை, ஒவ்வொன்றையும் ஒரு வாரம் படித்தோம்: மூன்று கரடிகள், சிவப்புத் தொப்பிச் சிறுமி, மூன்று பன்றிக்குட்டிகள், ஹான்சலும் கிரெட்டலும். முதல் வாரத்தில் மகளுக்கு நான்காவது இரவே சலித்துவிட்டது. கரடிகளின் குரலை மாற்றி மாற்றிப் பேசலாம் என்று சொல்லிச் சமாளித்தேன். சிறிய கரடியின் குரல் என்னுடையது.

நேற்று வடை கதையைச் சொன்னாள். 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்கி, 'ஏ க்ரோ' என்று அறிமுகப்படுத்தி, அடுத்த வரியில் 'த க்ரோ' என்று தானாகவே மாற்றிக்கொண்டாள். பிறகு மூன்று இடத்தில் மறந்துவிட்டாள் என்பது வேறு. நரி மரத்தடிக்கு வந்ததும் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து, 'ஓ க்ரோ, வாட் ஏ ஸ்வீட் வாய்ஸ் யூ ஹாவ்' என்றாள். ஓநாயைப் பார்த்து அந்தச் சிறுமி வியந்து சொன்ன வாக்கியம் இங்கே நரியின் வாய்க்கு வந்துவிட்டது. அது நோட்டில் இல்லை. நாங்கள் அதை எழுதவே இல்லை.

என் பங்குக்கு, ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் 'த பில் யூ சென்ட் இஸ் டூ ஓல்ட் டு க்ளெய்ம்' என்று எழுதினேன். 'வெரி' போடவில்லை.

ஒரு சங்கடம் மட்டும் உள்ளது. பாட்டி வடை சுட்டாள் என்பதற்கு மகள் அகராதியில் 'சுடு' என்று தேடி, கிடைத்த முதல் சொல்லை எடுத்துக்கொண்டதால், கதையின் முதல் வரியில் பாட்டி வடையைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டாள். எந்தச் சொல் போட வேண்டும்?

பதிவு 10 – அகராதிப்புழு

சிவப்புத் தொப்பிக் கதையில் 'வாட் பிக் ஐஸ் யூ ஹாவ்' என்று வரும். கண்கள் பன்மை என்பதால் அங்கே 'ஏ' இல்லை. குரல் ஒருமை என்பதால் உங்கள் மகள் 'ஏ' சேர்த்திருக்கிறாள். ஓநாயின் வாயைப் பற்றிய வரியில் 'ஏ' வந்திருக்கும், அதிலிருந்து எடுத்திருக்கலாம். எப்படியானாலும் என் பட்டியலிலிருந்து அது வந்திருக்க முடியாது. பட்டியலைக் கைவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பகலில் பட்டியலும் இரவில் கதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 11 – கரும்பலகை

எண்ணெயில் இட்டு எடுப்பதால் வடைக்கு 'ஃப்ரை'. ரொட்டிக்கு 'பேக்', அதற்கான அடுப்பு 'அவன்', கிரெட்டல் கிழவியை உள்ளே தள்ளினாளே அது. சோளக்கதிரைத் தணலில் வாட்டுவது 'ரோஸ்ட்'. கை பட்டுப் புண்ணானால் 'பர்ன்'. துப்பாக்கிக்குத்தான் 'ஷூட்'. நம்முடைய ஒரே 'சுடு'வை ஆங்கிலம் இத்தனையாகப் பிரித்து வைத்திருக்கிறது. தோசை சுடுவதற்கு நான் இதுவரை 'மேக்' என்றே சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். அதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதலாம்.